அராபியர் உடை

வெயில் மிகுந்த நாட்டில் வாழ்வோர் உடையைக் குறைத்துக்கொள்வர் என்பது நம்மனோர் பலர் ஆராயாது கொண்ட கருத்து. சித்திரைத் திங்களில் உச்சிப்பொழுதில் வீடு திரும்பும் நாம் முதற்கண் செய்வது யாது? மேலாடையைக் களைந்து, திண்ணையில் காற்று வரும் பக்கம் பார்த்து அமர்கின்றோம். அது நமக்கு இன்பந் தருதலின், உலகெங்கும் அதுவே முறையெனத் துணிந்துவிடுகின்றோம். ஆனால் நம் நாட்டினுங் கடிய வெயில் காயும் அராபியாவிலே வாழும் மக்கள், தலை முதற் கணுக்கால் வரை ஆடையால் மூடி, முகமும் கையும் அடியும் ஒழிய வேறுறுப்பு வெளித்தோன்றாமல் நடமாடுகின்றனர். படங்களில் இதனைக் காணும் மாணாக்கர், "இவர்கள் இவ்வுடையை எங்ஙனம் பொறுக்கின்றனர்?" என்று வியப்பர். ஒரு சாரார், "அது சமயக் கட்டளை, வேறு காரணம் தேடல் வேண்டா" என்று கூறி அமைவர்.

சமயக் கட்டளை என்பது ஒரு பகுதியளவே உண்மை. இஸ்லாமியச் சட்ட நூலாருட் பெரும்பாலார் ஆடவர் மறைத்தற்குரியதென விதித்த அளவு கொப்பூழ் முதல் முழங்கால் வரையே. மக்காவுக்கு யாத்திரை செல்லும் ஆடவர் இஹ்ராம் என்னும் நோன்புநிலையில் தைக்கப்படாத இரண்டு வெள்ளைத் துணிகளையே பூண்டு, தலையை மூடாது செல்கின்றனர். விதித்த அளவு அத்துணையே ஆகவும், நாள்தோறும் உடுப்பது அதனினும் பன்மடங்கு மிகுதியாதலின், அம்மிகுதிக்கு வேறு காரணமும் இருத்தல் வேண்டும். அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னர் அந்நாட்டின் இயல்பைச் சிறிது அறிதல் நன்று. நம் புலவர் பாடிய பாலை, வேனிலால் வாடிய காடும் மலையுமே. மழை பெய்யின் மீளத் தளிர்க்கும். அராபியப் பாலை அத்தகையதன்று. அத்தீபகற்பத்தின் பரப்பு ஏறத்தாழ 30 இலட்சம் சதுர கிலோமீட்டர். அதன் தென்பகுதியிலுள்ள ருப்-அல்-காலி என்னும் மணற்பரப்பு மட்டுமே ஏறத்தாழ 6,50,000 சதுர கிலோமீட்டர். 'வெறுமையான காற்பங்கு' என்பது அப்பெயரின் பொருள். கோடையில் நிழலிலேயே 45 சென்டிகிரேடு பாகைக்கு மேல் வெப்பம் ஏறும். வெயிலிற் கிடக்கும் மணல் 70 பாகையை எட்டுவதும் உண்டு. ஒதுங்க மரமில்லை. வானில் மேகமின்மையால் பகலிற் பெற்ற வெப்பம் இரவில் விரைந்து நீங்கிவிடும்; குளிர்காலத்து இரவிலோ பல் கிட்டும் குளிர் உண்டாகும். இடையிடையே வடமேற்கிலிருந்து ஷமால் என்னும் காற்று மணலை வாரி வீசும்.

இந்நாட்டார் உடுக்கும் உடையின் அடிப்படை தோப் என்னும் நீளங்கி. கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாய்த் தொங்குவது, இடுப்பில் இறுக்கமில்லாதது. குவைத்திலும் ஓமானிலும் இதனைத் திஷ்தாஷா என்பர். ஐக்கிய அரபு அமீரகத்திற் கந்தூரா என்பர். சவூதி அராபியாவின் அங்கிக்கு விறைத்த கழுத்துப்பட்டை உண்டு. ஓமானியர் அங்கிக்குக் கழுத்துப்பட்டை இல்லை. அதற்கு மாறாகக் கழுத்தோரத்தில் ஒரு சிறு குஞ்சம் தொங்கும். அக்குஞ்சத்தை நறுமணத் தைலத்தில் தோய்த்துக்கொள்வது அவர் வழக்கம். பழைய நஜ்துப் பகுதியார் அணிந்த ஒருவகை அங்கியின் கைகள் கூம்பிக் கீழே தொங்குமளவு நீண்டவை. விழாக்களில் வாளேந்தி ஆடும் ஆடவர் இன்றும் அதனை அணிகின்றனர். அங்கியினுள்ளே சிர்வால் என்னும் தளர்ந்த காற்சட்டை உண்டு. நம் நாட்டில் வழங்கும் சல்வார் என்னும் சொல்லும் இதுவும் ஓரினத்தன.

தலையுடையே நம் கருத்தை மிகுதியுங் கவர்வது. முதலில் தகிய்யா என்னும் சிறு தொப்பி. அதன்மேற் சதுரத் துணியொன்றை மூலைவாட்டில் மடித்து இடுவர். அது குத்ரா, ஷிமாக், கூபிய்யா என இடத்திற்கும் வகைக்கும் ஏற்பப் பெயர் பெறும். அதனை நிலைநிறுத்த இகால் என்னும் கருங்கயிற்றை இரண்டு சுற்றாய்த் தலையில் வைப்பர். இகால் என்னும் சொல் ஒட்டகத்தின் காலைக் கட்டும் கயிற்றையுங் குறிக்கும். பகலில் தலையில் இருந்த கயிறு இரவில் ஒட்டகம் ஓடாமற் காத்தது என்பர். கட்டுதல் என்னும் பொருளுடைய அதே வேரிலிருந்தே அறிவைக் குறிக்கும் 'அக்ல்' என்னும் சொல்லும் அரபு மொழியிற் பிறந்துள்ளது. மனம் போனவாறு ஓடாமற் கட்டுவது அறிவு என்று அம்மொழியார் கருதினர் போலும்!

இத்தலைத்துணி செய்யும் பணிகள் பல. பிடரியையும் கன்னத்தையும் வெயிலினின்று மறைப்பது ஒன்று. மணற்காற்று எழுந்தவுடன் அதன் ஒரு முனையை வாயும் மூக்கும் மூடச் சுற்றிவிடலாம். குடிநீர் வடிகட்டவும், பேரீச்சம்பழம் பொதியவும், காயத்தைக் கட்டவும் அதுவே உதவும். நம் உழவர் தோளிற் கிடக்கும் துண்டை அறிந்தவர்க்கு இதனை மிக விளக்க வேண்டுவதில்லை.

இத்துணி ஒருகால் போர்க்கருவியாகவும் ஆயிற்று. 1936 முதல் 1939 வரை பாலஸ்தீனத்தில் ஆங்கில ஆட்சிக்கு எதிராக நடந்த கிளர்ச்சியில், போராடிய நாட்டுப்புறத்தார் கூபிய்யா அணிந்திருந்தனர். நகரத்தாரோ தர்பூஷ் என்னும் சிவந்த துருக்கித் தொப்பி அணிந்திருந்தனர். கூபிய்யாவோடு நகரத்திற் புகுந்தவனைப் படைவீரர் எளிதில் அடையாளங் கண்டு பிடித்தனர். ஆதலின் 1938-இல் கிளர்ச்சித் தலைவர்கள், நகரத்தார் யாவரும் தர்பூஷை ஒழித்துக் கூபிய்யாவையே அணிய வேண்டுமென ஆணையிட்டனர். சில வாரங்களில் வழக்கறிஞரும் வணிகரும் குடியானவரும் தலையளவில் ஒரே தோற்றமாயினர். யார் போராளி, யார் அல்லர் எனப் பிரித்தறிதல் ஆட்சியாளர்க்கு அரிதாயிற்று. பின்னர், 1960-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், கருப்பும் வெள்ளையும் கலந்த அத்துணி பாலஸ்தீனரின் அடையாளமாகவே உலகெங்கும் அறியப்பட்டது.

இனி, முன் எழுப்பிய வினாவுக்கு வருவோம். வெப்பம் மிகுந்த பொருளிலிருந்து குறைந்த பொருளுக்குச் செல்லும் என்பது பௌதிக நூலின் முதற் பாடம். நம் தோலின் வெப்பம் ஏறத்தாழ 35 பாகை. வீசும் காற்று 30 பாகையாயின், அஃது உடலினின்று வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். ஆகவே நாம் மேலாடை களைதல் பயனுடைத்து. காற்று 45 பாகையாயின் முறை தலைகீழாகும்: காற்றே உடலுக்கு வெப்பத்தைக் கொடுக்கும். மேலே ஞாயிறு, கீழே கொதிக்கும் மணல், சுற்றிலும் உலைக்களத் துருத்தியினின்று வருவது போன்ற காற்று. இவ்விடத்தே ஆடையைக் களைபவன் உடலைக் குளிர்விக்கவில்லை. மூன்று பக்கத்துத் தீக்கும் கதவு திறந்துவிட்டவனே ஆகின்றான்.

அப்பொழுது உடலைக் காப்பது வியர்வை ஒன்றே. ஒரு கிராம் நீர் ஆவியாதற்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் செலவாகின்றது. அவ்வெப்பத்தை அது தோலினின்றே கொள்ளும். கடும் வெயிலில் நடப்பவன் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீரை வியர்வையாய் இழக்கக்கூடும். நீர் ஏராளமாகக் கிடைப்பின் இதனாற் கேடில்லை. ஆனால் கிணற்றுக்குங் கிணற்றுக்கும் இடையே பல நாட் பயணம் உள்ள நாட்டில், தோற்பையிற் சுமந்து செல்லும் நீரே உயிர். இழக்கும் ஒவ்வொரு துளிக்குங் கணக்கு உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிபோர்னியப் பாலையில் எட்வர்டு அடால்ப் என்பாரும் அவர் குழுவினரும் படைவீரரைக் கொண்டு ஆராய்ந்து, 1947-இல் நூலாய் வெளியிட்ட முடிவுகளுள் ஒன்று, வெயிலில் ஆடையின்றி இருப்பவன் ஆடையணிந்தவனைவிட மிகுதியாய் வியர்க்கின்றான் என்பதே. பெதூயின் என்னும் பாலைவாணர் ஆய்வுக்கூடமின்றி இதனை அறிந்திருந்தனர். அறியாது நடந்தவர்க்கு அப்பாலை மறுமுறை வாய்ப்பு அளிப்பதில்லை.

ஒட்டகத்தை நோக்கினும் இவ்வுண்மை புலனாகும். ஷ்மித் நீல்சன் என்னும் உடலியல் அறிஞர் 1953, 1954-ஆம் ஆண்டுகளில் சகாராப் பாலையில் ஒட்டகங்களை ஆராய்ந்தபோது, ஒன்றன் மயிரை முற்றும் மழித்துவிட்டுப் பார்த்தார். மயிர் நீங்கிய ஒட்டகம் குளிர்ச்சி பெற்றதா? இல்லை, மயிருள்ள ஒட்டகத்தைவிட ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதியாய் நீரை இழந்தது. வெயிலில் மயிரின் மேற்புறம் 70 பாகையை எட்டும்போதும் கீழே தோல் 40 பாகை அளவிலேயே இருந்தது. இடையிலுள்ள மயிர்ப்படலமே மதிலாய் நின்றது. அராபியன் தன் ஒட்டகத்தினிடம் இப்பாடத்தைக் கற்றானோ, தன் உடம்பினிடமே கற்றானோ, இரண்டன் முடிவும் ஒன்றே.

ஆயினும் மூடுதல் மட்டும் போதாது; தளர்வாய் மூடுதல் வேண்டும். இறுகிய உடையில் வியர்வை வெளிப்போக வழியின்றித் துணியிலேயே ஊறி நிற்கும். தோப்போ உடலுக்கும் துணிக்கும் இடையே காற்றுக்கு இடம் விடுகின்றது. நடக்குந்தோறும் அங்கியின் கீழ்விளிம்பு அசைந்து, கொல்லன் துருத்திபோலக் காற்றை உள்ளே இழுத்துத் தள்ளும். வெம்மையடைந்த காற்று மேலெழுந்து கழுத்து வழியே நீங்கும். வெயில் துணியில் தங்க, நிழல் உடலில் விழுகின்றது. மரமில்லா நாட்டில் மனிதன் தன் மரத்தைத் தானே சுமந்து நடக்கின்றான் எனலாம்.

பாலையைக் கடக்க முயன்ற ஐரோப்பியரும் இதனை உணர்ந்தே நடந்தனர். ருப்-அல்-காலியை முதன்முதலிற் கடந்த ஐரோப்பியரான பெர்ட்ரம் தாமஸ் 1930-ஆம் ஆண்டின் இறுதியில் ஓமானின் சலாலாவிலிருந்து புறப்பட்டு, 1931 பிப்ரவரியில் தோஹாவை அடைந்தார். பின்னர் 1946 முதல் அப்பாலையை இருமுறை கடந்த வில்பிரெட் தெசிஜர் வெறுங்காலோடு பெதூயின் உடையிலேயே சென்றார். உடன் வருவார் அயலானென வெறுக்காமைக்கும் அவ்வுடை வேண்டியிருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. அங்கே உடை உடலைக் காப்பதோடு, இன்னான் இன்ன குலத்தான், நட்பினன் அல்லது பகைவன் என்பதைத் தொலைவிலேயே அறிவிக்கும் ஓலையும் ஆகும்.

இவ்விடத்தே கூர்த்த மாணாக்கன் ஒரு தடை எழுப்புவான். "வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பும், கறுப்பு உறிஞ்சும். அங்ஙனமாகச் சினாய்ப் பாலைப் பெதூயின்கள் கறுப்பு அங்கி அணிந்து கரிய ஆடுகளை மேய்ப்பது என்னை?" என்பான். நல்ல வினா. ஷ்கோல்னிக், டெய்லர், பிஞ்ச், போருட் என்னும் நால்வர் இதனையே ஆராய்ந்து 1980-இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழில் வெளியிட்டனர். நெகேவ் பாலையின் நண்பகல் வெயிலில் ஒருவரை நிறுத்தி, கறுப்புப் பெதூயின் அங்கி, அதே போன்ற வெள்ளை அங்கி, பழுப்புநிறப் படையுடை, அரைக்காற்சட்டை மட்டும் என நால்வகையாய் உடுத்துவித்து அளந்தனர். கறுப்பு அங்கி வெள்ளையைவிட மிகுதியாய் வெப்பத்தை உறிஞ்சியது மெய்யே. ஆனால் அம்மிகுதி தோலை அடையுமுன்பே காற்றோடு நீங்கிவிட்டது; உடல் பெற்ற வெப்பம் இரண்டு அங்கியிலும் ஒன்றாகவே இருந்தது. சிலர் இதனைக் கேட்டு, கறுப்பே வெள்ளையினுங் குளிர்ந்தது எனச் சொல்லித் திரிகின்றனர். ஆய்வு அங்ஙனம் கூறவில்லை. தளர்ந்த கனத்த அங்கியாயின் நிறம் பெரிதன்று என்பதே அதன் முடிவு. கரிய ஆட்டின் மயிர் கையருகே கிடைக்கும்போது, அதனை வெளுக்க முயல்வானேன்?

அக்கரிய ஆட்டுமயிரினாலேயே மகளிர் கூடாரத் துணியும் நெய்கின்றனர். 'மயிர்வீடு' எனப் பொருள்படும் பைத்-அஷ்-ஷஅர் என்பது அதன் பெயர். இழைகளுக்கிடையே காற்றுப் புகும். மழை பெய்யின் இழை பருத்துத் துளைகள் அடைபடும்.

மகளிர் உடையைப் பற்றி அயலார் எழுதுவன பெரும்பாலும் கறுப்பு அபாயாவோடு தொடங்கி அதனோடு முடிந்துவிடும். உண்மையோ பலவண்ணத்தது. பாலஸ்தீன மகளிரின் அங்கிகளில் மார்பிலும் விளிம்பிலும் விளங்கும் குறுக்குத்தையற் பூவேலை ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஒரு பெண்ணின் அங்கியைக் கண்டு அவள் ஊரைச் சொல்லிவிடுவர். அக்கலையை 2021-இல் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. வளைகுடாக் கரையின் முதிய மகளிர் அணியும் முகமூடி, அவுரிச்சாயம் ஊட்டிப் பளபளக்கும் துணியால் ஆனது. வியர்வையில் அச்சாயம் கன்னத்திற் பதியும். யேமனின் ஹத்ரமவுத் பள்ளத்தாக்கில், கறுப்பு உடையோடு வயலில் வேலை செய்யும் பெண்கள் ஈச்ச ஓலையாற் பின்னிய, ஒரு முழத்திற்கு அணித்தான உயரமுள்ள கூம்புத் தொப்பி அணிவர். அக்கூம்பினுள் நிற்கும் காற்று உச்சந்தலையைக் காக்கின்றது. பனையோலைக் குடை கண்ட நமக்கு அவர் கைத்திறன் அயலாய்த் தோன்றாது. முகத்தையும் கூந்தலையும் மறைத்தல் பற்றிய கட்டாயங்களும் விவாதங்களும் வேறு. அவை வெயிலால் வந்தனவல்ல. சவூதி அரசு 2019-இல் சுற்றுலா வரும் அயல்நாட்டு மகளிர்க்கு அபாயாக் கட்டாயத்தை நீக்கியது. உடையின் எப்பகுதி நிலத்தால் வந்தது, எப்பகுதி ஆட்சியாலும் வழக்கத்தாலும் வந்தது எனப் பிரித்தறிதல் நம்போன்றார் கடமை.

அங்கியின்மேல் அணியும் மெல்லிய மேற்போர்வையைப் பிஷ்த் என்பர். கரையிற் பொற்சரிகை மின்னும். மணவிழா, பெருநாள், அரசவை ஆகியவற்றிற்கே அஃது உரியது. மதிப்புக்குரியார்க்கு ஆடை போர்த்துதல் அராபியரிடைப் பழைய வழக்கம். தம்மை இகழ்ந்து பாடிப் பின் மனந்திரும்பி வந்து புகழ்ந்து பாடிய கஅப் இப்னு சுஹைர் என்னும் புலவர்க்கு நபிகள் நாயகம் தம் போர்வையையே எடுத்து அளித்தார் என்பது வரலாறு. 2022 டிசம்பர் 18-இல் கத்தாரில் உலகக் கால்பந்துக் கோப்பையை வென்ற அர்ஜென்டீனக் குழுவின் தலைவர் மெஸ்ஸிக்கு அந்நாட்டு மன்னர் கரும்பிஷ்த் ஒன்றைப் போர்த்தினார். குழுவின் சட்டையை மறைத்துவிட்டாரே என மேலைநாட்டார் சிலர் குறை கூறினர். பொன்னாடை போர்த்தும் நாட்டிற் பிறந்த நமக்கு அக்குறை வியப்பையே தருகின்றது.

எளியவன் போர்வைக்கு இச்சிறப்பில்லை. ஆனால் பயன் மிகுதி. பகலில் வெயில் தடுத்தது, இரவில் அவனுக்குப் பாயும் கம்பளியும் ஆகும். ஏழையின் மேலாடையை அடகாகக் கொண்டவன் பொழுது சாயுமுன் அதனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமென மோசேயின் சட்டம் யாத்திராகமத்தில் விதிப்பதை நம் மாணாக்கர் வேதபாட வகுப்பில் ஓதியிருப்பர். அவ்விதியின் இரக்கம், பாலையின் இரவுக்குளிரை அறிந்தவர்க்கே முற்றும் விளங்கும்.

விருந்தினர் உடைக்கு மணமூட்டுதலும் அவர் வழக்கமே. உணவு முடிந்தபின் தூபக்காலில் அகிற்கட்டையிட்டுக் கொணர்வர். ஒவ்வொருவரும் புகையைத் தலைத்துணிக்குள்ளும் அங்கிக்குள்ளும் செலுத்திக்கொள்வர். அகிற்புகையால் கூந்தல் உலர்த்தியவர் நம் முன்னோர். அத்தூபம் வந்தபின் விடைபெறுதலே முறை. அதற்குமேல் அமர்ந்திருப்பின் நாகரிகமறியார் எனப்படுவர். நம் இல்லங்களில் வெற்றிலை பாக்குத் தட்டம் வந்தது போலக் கொள்க.

இத்துணையும் கேட்டு, நாமும் நாளை முதல் நீளங்கி அணியலாமோ எனின், அது பொருந்தாது. மேலே கூறிய பயனெல்லாம் வறண்ட காற்றைச் சார்ந்தன. வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. நம் கடற்கரை ஊர்களில் காற்றே நீர் நிறைந்திருத்தலின் வியர்வை உலராது வழியும். அங்கே துணியைக் குறைத்து நிழலிற் காற்றுப்பட இருத்தலே தக்கது. அராபியாவிலேயே ஜித்தா, மஸ்கத்து, துபாய் போன்ற கரையோர நகரங்களில் ஆகஸ்டுத் திங்களின் ஈரப்புழுக்கத்தில் அங்கியின் ஆற்றல் பெரிதுங் குறைகின்றது. நம் நான்கு முழ வேட்டியும் அவர் நீளங்கியும் ஒன்றையொன்று பழிக்கத்தக்கனவல்ல. வேறு வேறு காற்றில் வேறு வேறு தறியில் பிறந்தவை. நம்மிடையே பங்குனி வெயிலிற் கழுத்துப்பட்டையும் கனத்த மேற்சட்டையும் அணிந்து மேடையேறும் பெரியோரைப் பற்றி யாம் யாதுங் கூற விரும்புகிலேம்.

இதனை ஏட்டளவில் நில்லாத செய்தியாக ஆக்குவது ஒன்றுண்டு. நம் மாவட்டங்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று கட்டடங்களிலும் சாலைகளிலும் உழைப்போர் பலர். அவர்க்கு அளிக்கப்படும் உடை பெரும்பாலும் அங்கியன்று. மேலுங் கீழும் ஒன்றாய்த் தைத்த, காற்றோட்டமற்ற தடித்த தொழிலுடை. அமீரகத்தில் 2005 முதல் கோடைக்கால நண்பகல் வேலைத்தடை நடைமுறையில் உள்ளது: ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலை கூடாது. கத்தார் 2021-இல் அத்தடையை ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை என விரித்தது. எஞ்சிய வேளையில் அவர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்கின்றனர். ஊரில் வெற்றுடம்போடு வயலில் இறங்கியவர், அங்கே முழுக்கை உடையை மணிக்கட்டு வரை இறக்கி, ஊரிலிருந்து கொண்டுபோன துண்டை நனைத்துத் தலையில் இட்டு, அதன் முனையை மூக்கும் வாயும் மறையச் சுற்றி, கண் மட்டும் தெரிய வேலைக்குச் செல்கின்றனர்.